மேனேஜருக்கு மட்டும் தெரியும் கட்டம்

கே.டி. என்று மட்டும் போட்டிருந்தது. ஒரு கட்டத்துக்குப் பெயர் வைக்கிறவர்கள் இப்படி வைக்கமாட்டார்கள் என்று நிறைமதிக்குப் பட்டது. கல்லூரி முடித்ததிலிருந்து அவள் கட்டங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். தகப்பனார் பெயர், கைபேசி எண், அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது, வீட்டில் மொத்தம் எத்தனை பேர், வண்டி உண்டா, நாய் உண்டா. பெயரைப் படித்தால் உள்ளே என்ன எழுத வேண்டுமென்று தெரிய வேண்டும், அதற்குத்தானே பெயர். இங்கே இரண்டு எழுத்து, இரண்டு புள்ளி. சாப்பாடு முடிந்து எல்லோரும் இருக்கைக்குத் திரும்பியிருந்தார்கள். ஏ.சி.யின் இரைச்சலும், யாரோ டிபன் பாக்ஸைக் கழுவாமல் மூடி வைத்ததில் கசிந்த மோர்க்குழம்பு வாசனையும் ஹாலில் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே அவிநாசி ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டே போய், சிக்னலில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே கத்தியது. அவள் மறுபடியும் படித்தாள். தாமோதரன் அனுப்பியிருந்த வேலைக் குறிப்பு நாலே வரி. குடித்தனக்காரர் ஃபார்மில் கூடுதலாக ஒரு கட்டம், பெயர் கே.டி. மேனேஜர் லாகினில் மட்டும் தெரிய வேண்டும். மெயின் டேபிளில் சேமிக்க வேண்டாம், தனியாக வைக்கவும். குடித்தனக்காரர் பார்க்கும் பக்கத்தில் வரவே கூடாது. அந்த 'வரவே'யில் இருந்த ஏகாரம்தான் முதலில் உறுத்தியது. வரக்கூடாது என்றால் போதாதா. வரவே கூடாது என்று அழுத்திச் சொல்லும்படி அப்படி எதை வைக்கப்போகிறார்கள் அந்தச் சின்னக் கட்டத்துக்குள்.

வேலை கொடுத்திருந்தது வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கம்பெனி. வீட்டுக்காரர்கள் துபாயிலோ பெங்களூரிலோ இருப்பார்கள், இல்லையென்றால் வயதாகி அலைய முடியாமல் இருப்பார்கள். குடித்தனம் பிடிப்பது, குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவது, காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் கம்பெனி பாடு. அதற்கான மென்பொருளை இவர்கள் அலுவலகம் எழுதிக் கொடுத்திருந்தது. அதில் வெளியாள் பார்க்கும் பக்கம் ஒன்று, உள்ளாள் பார்க்கும் பக்கம் ஒன்று. உள்ளாள் பக்கத்தை அட்மின் என்பார்கள். அதை எழுதுவதில் பெரிய பாடில்லை, அடிப்படை நிரல்களை ஆயத்தமாக வைத்திருக்கும் ஃப்ரேம்வொர்க்கே பாதி செய்துவிடும். தகவல்களைச் சேமித்து வைக்கும் டேபிளில் என்னென்ன இருக்கிறதோ அதைப் பார்த்துத் தானாகவே ஒரு ஃபார்மை வரைந்து முன்னால் வைத்துவிடும். டேபிளில் இல்லாத ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால்தான் நாம் கை வைக்க வேண்டும். தனியாக ஒரு ஃபார்ம் எழுதி, அதில் புதுக் கட்டத்தைச் சேர்த்து, அது எந்தக் கட்டத்துக்குக் கீழே உட்கார வேண்டுமென்று சொல்லி, யார் வந்தால் காட்டுவது, யார் வந்தால் மறைப்பது, சேமிக்கும்போது உள்ளே இருப்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர வேண்டும். அது கேட்டுக்கொள்ளும். எதற்கு என்று மட்டும் கேட்காது. அரைமணி நேர வேலை. பரத் செய்தால் கால்மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். பரத்தான் இந்தக் கம்பெனி வேலையைத் தொடக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பவன். இதோ இரண்டு நாற்காலி தள்ளி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, செல்போனில் செருப்பு பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு ஏன் இது என் மேசைக்கு வந்தது.

காலையில் தாமோதரன் வந்து நின்ற விதத்தை அவள் மறுபடியும் மனதில் ஓட்டிப் பார்த்தாள். டீமுக்குத் தலைவர், நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர், நெற்றியில் துளி சந்தனம், முழங்கை வரை மடித்த சட்டை. வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மானிட்டரின் மூலையைப் பார்த்தார். "நிறைமதி, ஒரு சின்ன வேலை அனுப்பியிருக்கேன், நீங்களே பண்ணிடுங்க" என்றார். "பரத்தோட புராஜெக்ட்தான சார் அது?" என்று கேட்டதற்கு, "அவன் வேற ஒண்ணுல இருக்கான்" என்று சொல்லி, அவள் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகி, திரும்ப வைத்துவிட்டுப் போனார். அவன் வேறு எதிலும் இல்லை, செருப்பில் இருக்கிறான். நீங்களே பண்ணிடுங்க. நீங்களே. அந்த ஏகாரமும் இந்த ஏகாரமும் ஒன்றையொன்று பார்த்துக் கண்ணடித்துக்கொள்வதாக அவளுக்குத் தோன்றியது. சே, என்ன புத்தி இது. யார் எது சொன்னாலும் அதன் அடியில் கையை விட்டுத் துழாவுகிற புத்தி. அவள் கணவன் மாறன் சொல்வான், உனக்கு யாராவது குட்மார்னிங் சொன்னாக்கூட ஏன் சொன்னான்னு ரெண்டு நாள் யோசிப்ப என்று. அவனுக்கென்ன, லேத் பட்டறையில் உதிரிபாகம் அளந்து பார்க்கிற வேலை, ஒன்று அளவு சரியாக இருக்கும், இல்லையென்றால் இருக்காது. மனிதர்களுக்கு அப்படி அளவுகோல் வைக்க முடிந்தால் நானும்தான் நிம்மதியாக இருப்பேன் என்று அவள் பதில் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்திருக்கிறான். ஆனால் பேனா மூடியை ஏன் திருகினார்?

கே.டி. கீ டெலிவரியாக இருக்கலாம். சாவி எப்போது கொடுத்தோம் என்பது. ஆனால் அதை எதற்குக் குடித்தனக்காரரிடமிருந்து மறைக்க வேண்டும், சாவியை வாங்கிக்கொள்வதே அவர்தானே. கிட்ஸ் என்றால் கே.ஐ. வரும். கிச்சன்? கிச்சன் டைப். சமையலறை வகை. சைவமா அசைவமா என்பதை இப்படிச் சுற்றிவளைத்து எழுதுகிறார்களோ. ஆனால் அதற்குத்தான் ஏற்கெனவே ஒரு கட்டம் இருக்கிறதே, உணவுப் பழக்கம் என்று வெளிப்படையாகவே. அதை வைக்கும்போது யாருக்கும் கூச்சம் வரவில்லை. அதைவிடக் கூச்சமானது எது. கேடி என்றே இருக்குமோ, ரவுடிப்பயல் என்கிற அர்த்தத்தில், இந்த ஆள் ஒரு கேடி, வாடகை ஒழுங்காகத் தரமாட்டான் என்று. அந்த நினைப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பரத் திரும்பிப் பார்த்தான். அவள் உடனே முகத்தை ஸ்கிரீன் பக்கம் கொண்டுபோனாள். எதற்குச் சிரித்தாய் என்று கேட்டால் சொல்ல வேண்டிவரும், சொன்னால் அவனும் யோசிப்பான், அவனுக்கு விடை முன்பே தெரிந்திருந்தால் அவன் முகம் எப்படி மாறும் என்று நான் பார்த்தாக வேண்டும், பார்த்துவிட்டால் இன்றைக்கு இந்த வேலை ஓடாது. விரல்கள் தம் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தன. புது ஃபார்ம், அதில் ஒரு கட்டம், கட்டாயமில்லை, முப்பது எழுத்துக்கு மிகாமல். முப்பது என்று அவளாகத்தான் போட்டாள். குறிப்பில் நீளம் சொல்லவில்லை. எதற்கு முப்பது என்று கேட்டுக்கொண்டாள். பெயர் என்றால் முப்பது. ஊர் என்றால் முப்பது. சாமி பெயர் என்றாலும் முப்பதில் அடங்கும்.

சாமி. விரல் நின்றது. சாமி எங்கிருந்து வந்தது. யாரும் சொல்லாமல் அவளாகத்தான் நினைத்தாள். நினைத்ததும் அந்த முற்றம் வந்தது, சிங்காநல்லூரில் இப்போது அவர்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளம், சிமெண்டுத் தரை, துளசிக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் வீட்டுக்கார அம்மா நாச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். அதற்குமுன் எத்தனை வீடு பார்த்தார்கள். போனில் குரல் கேட்டவுடன் வாங்க வாங்க என்பார்கள். நேரில் போனதும் நிறைமதி, மாறன் என்ற பெயர்களை நாக்கில் போட்டுப் புரட்டிப் பார்ப்பார்கள், எந்தப் பக்கமும் ஒட்டாது. அவள் அப்பா அதற்காகவே தேடி வைத்த பெயர். மின்வாரியத்தில் கம்பம் ஏறிய மனிதர் அவர். என் பிள்ளையின் பெயரைக் கேட்டு எவனும் எதையும் கண்டுபிடிக்கக்கூடாது என்பாராம். அப்பாவுக்குத் தெரியவில்லை, பெயரில் கிடைக்காவிட்டால் வேறு வாசல் வழியாக வருவார்கள் என்று. எந்த ஊருங்க. விருத்தாசலம் பக்கம். ஊருக்குள்ளயேங்களா, இல்ல கொஞ்சம் தள்ளிங்களா. கொஞ்சம் தள்ளி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டவர்களுக்கும் தெரியும், கேட்கப்பட்டவர்களுக்கும் தெரியும். ஒரு வீட்டில் கதவைச் சாத்தும்போது, மருமகன் வர்றானாம் கண்ணு, அவனுக்கு வேணுமாம், என்றார்கள். இன்னொரு வீட்டில் பெயின்ட் அடிக்கப்போகிறோம் என்றார்கள். சுவரில் ஈரம் காயாத பெயின்ட் அப்போதுதான் மின்னிக்கொண்டிருந்தது. நாச்சம்மாள் மட்டும்தான் ஊரையும் கேட்கவில்லை, தெருவையும் கேட்கவில்லை. காபி கொடுத்தாள். மாறனின் பட்டறையைப் பற்றிக் கேட்டாள். பிறகு எவ்வளவோ பிரியமாக, "ஏங்கண்ணு, உங்களுக்குக் குலதெய்வம் எதுங்க? வருசா வருசம் போயிட்டு வருவீங்களா?" என்றாள்.

மாறன் டம்ளரைக் கீழே வைத்தான். பச்சைவாழியம்மன் என்றான். அது பொய்யில்லை. அவர்கள் பக்கத்தில் அந்த அம்மனுக்குப் பல சனங்களும் பொங்கல் வைக்கிறார்கள், யாரெல்லாம் வைக்கிறார்கள் என்று கோயம்புத்தூர்க்காரிக்குத் தெரிய வழியில்லை. நாச்சம்மாள் யோசித்தாள். அவளுடைய சம்பந்தி வகையில் யாரோ கடலூர்ப் பக்கமாம், அவர்களும் அதே அம்மன்தானாம். "அட, அப்ப நீங்களும் அவங்க ஆளுங்களா, சந்தோசமுங்க" என்றாள். அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். மாறன் நிறைமதியைப் பார்த்தான், அவள் துளசியைப் பார்த்தாள், யாரோ ஒருவர் வாயைத் திறப்பார் என்று இருவரும் காத்திருந்ததில் நாச்சம்மாள் சாவியை எடுத்துவர எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான். வாயைத் திறக்காததால் கிடைத்த வீடு. அன்றிலிருந்து அந்த வீட்டின் ஒவ்வொரு சுவரும் ஒட்டுக்கேட்பதாக அவளுக்கு. கோட்டும் கண்ணாடியும் போட்டவர் படம் அவள் பிறந்த வீட்டில் கூடத்தில், டி.வி.க்கு மேலே, வருகிறவர் முதலில் பார்க்கும் இடத்தில் இருக்கும். இங்கே அது பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில். அதை எடுத்து வைக்கிறபோதெல்லாம் அவர் கண்ணாடி வழியாக ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார். மாமனார் வந்தால் மாடியை விட்டு இறங்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. அவராகவே புரிந்துகொண்டு, முட்டி வலிக்குதும்மா, படியெல்லாம் எதுக்கு என்றார். அந்த முட்டியோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தவர். நாச்சம்மாள் பலகாரம் கொடுத்தனுப்பினால், ஏன் இன்றைக்கு, என்ன விசேஷம், தட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் சாக்கில் மேலே வந்து எதையாவது பார்க்கப்போகிறாளா. ஒருநாள் அவள் வெறுமனே மழை வருது துணியை எடுங்க என்று கத்தியபோது இவள் முதலில் ஓடிப்போய்ப் பீரோவைப் பூட்டினாள்.

கே.டி. குலதெய்வம். கு என்பதற்கு கே, தெய்வத்துக்கு டி. இங்கிலீஷில் எழுதினால் அப்படித்தான் சுருங்கும். அப்படி இருக்காது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். எல்லாவற்றிலும் இதைத்தான் பார்க்கிறேன், எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, மஞ்சள் காமாலை வந்தவளைப் போல. ஒரு கம்பெனி, ஷூ போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிற ஆட்கள், ஜி.எஸ்.டி. எண், ரிசப்ஷனில் மீன் தொட்டி, இதைப் போய்க் கட்டம் கட்டி வைப்பார்களா. வைக்கமாட்டார்கள் என்றால் ஏன் மெயின் டேபிளில் வேண்டாம் என்கிறார்கள். குடித்தனக்காரர் யாராவது என்னைப் பற்றி நீங்கள் வைத்திருப்பதையெல்லாம் காட்டு என்று கேட்டால் டேபிளை அப்படியே இறக்கிக் கொடுத்துவிடலாம், அதில் இது இருக்காது. இதை யோசித்தவன் முட்டாளில்லை. வழக்கு வரை யோசித்திருக்கிறான். அவள் வேலையை முடித்துவிட்டாள் என்பதை அப்போதுதான் கவனித்தாள். சோதனைக்கு வைத்திருந்த பிரதியில் மேனேஜராக உள்ளே போனாள். கம்பெனி கொடுத்த உண்மையான ஆட்களின் பட்டியல்தான், சோதனைக்கென்று பொய்ப் பெயர் போட்டுத் தர அவர்களுக்கு நேரமில்லை. யாரோ ஒரு பெயரைத் திறந்தாள். கைபேசி எண்ணுக்குக் கீழே, சொன்ன இடத்தில், கே.டி. என்று ஒரு வெள்ளைக் கட்டம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மூடிவிட்டு வெளியே வந்திருக்கலாம். நாச்சம்மாள் போன வருஷம் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபின் வீட்டை இதே கம்பெனியிடம்தான் ஒப்படைத்திருந்தாள். அது நிறைமதிக்குத் தெரியும், காலையிலிருந்தே தெரியும், தெரிந்தும் தெரியாததுபோல் அதைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தாள். தேடும் இடத்தில் மாறன் என்று அடித்தாள். வந்தது. வீட்டு விலாசம், பட்டறை விலாசம், அவன் பிறந்த தேதி, மனைவி பெயர் நிறைமதி, கீழே அந்தக் கட்டம், காலி. சற்றுமுன் அவள் கையால் அவளே செய்த கட்டம். கர்சர் அதனுள் போய் மினுக்கிக்கொண்டு நின்றது, சொல்லு சொல்லு என்று.

எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனாள். தண்ணீர் கேன்கள் அடுக்கிவைத்திருக்கும் இடத்தில் யாரும் இல்லை. கம்பெனித் தரப்பில் இந்த மென்பொருளுக்குப் பொறுப்பானவள் சுகந்தி என்றொரு பெண், போனில் மட்டும் பழக்கம், எப்போதும் சிரித்த குரல். கூப்பிடுவதற்குமுன் என்ன கேட்பது என்று மூன்று விதமாக வாக்கியம் அமைத்துப் பார்த்தாள். அவள் மழுப்புவாள். உள்விஷயம் மேடம் என்பாள். அல்லது கீ டெலிவரி என்று பொய் சொல்லுவாள், அந்தப் பொய்யின் இழுவையிலிருந்து நான் கண்டுபிடிப்பேன். பொய்யைக் கண்டுபிடிப்பதில் நிறைமதிக்கு நல்ல பழக்கம் உண்டு.

"சொல்லுங்க மேடம், முடிஞ்சுருச்சுங்களா?" என்றாள் சுகந்தி.

"முடிஞ்சிருச்சு. ஒரே ஒரு சந்தேகம். கே.டி.ன்னா என்ன? அதுக்கேத்த மாதிரி நீளம் வைக்கணும்."

"குலதெய்வங்க மேடம்."

இழுவை இல்லை, மழுப்பல் இல்லை. கூரியர் வந்ததா என்று கேட்டால் வந்தது என்பதுபோலச் சொன்னாள். நிறைமதி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஓனருங்க எல்லாம் நேரா கேக்கச் சங்கடப்படறாங்க மேடம், நம்மளத்தான் விசாரிக்கச் சொல்றாங்க. ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு நாங்களும் எத்தனை தடவ கேக்கறது? அதான் ஒருக்கா கேட்டு எழுதி வெச்சுட்டா முடிஞ்சு போச்சு. யார் மனசும் நோகாது பாருங்க."

"இருக்கிறவங்களுக்கும் கேப்பீங்களா, இல்ல புதுசா வர்றவங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்குந்தானுங்க. அடுத்த வாரத்துல இருந்து போன் பண்ண ஆரம்பிச்சுருவோம்." பிறகு அதே சிரித்த குரலில், நீளத்துக்கு உதாரணம் கேட்பவளைப் போல, பேச்சுவாக்கில், "உங்களுக்கு எதுங்க மேடம்?" என்றாள்.

இத்தனை நாளும் நிறைமதி பயந்தது ஒரு சூழ்ச்சிக்கு. திரைக்குப் பின்னால் குசுகுசுவென்று பேசும் யாரோ சிலருக்கு. அப்படி யாரும் இல்லை என்று அந்தக் கணத்தில் தெரிந்தது. திரையே இல்லை. காபி கொடுத்துக் கேட்கிறார்கள், சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள், யார் மனசும் நோகக்கூடாது என்று கேட்கிறார்கள். பச்சைவாழியம்மன் என்று வாய்வரை வந்துவிட்டது, அது நாக்கில் இருந்த பாங்கைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. தண்ணீர் கேனுக்குள் ஒரு குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தது.

"அதக் கேட்டு நீங்க கண்டுபிடிக்கப் போறது என்னன்னு நேராவே சொல்லிடறேங்க" என்றாள். "நாங்க பறையருங்க. சிங்காநல்லூர்ல நாச்சம்மாள் வீட்டு மாடியில இருக்கோம். உங்க பட்டியல்ல மாறன்னு இருக்கும், அவர் என் வீட்டுக்காரர். எழுதிக்கங்க."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "ஐயோ மேடம், நான் சும்மாதான் கேட்டனுங்க" என்றாள் சுகந்தி. "தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கெல்லாம் அப்படி ஒண்ணும் கெடையாதுங்க, ஓனருங்கதான்." பிறகு யார் வைத்தார்கள் என்று தெரியாமல் போன் அணைந்திருந்தது. கேன் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். தைரியமாகச் சொல்லிவிட்டோம் என்ற பெருமை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் தோன்றுமே, அந்தத் திகில்தான் வந்தது. என்ன சொன்னேன். யாரிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் நாச்சம்மாளுக்குப் போய்விடும். போகாமலும் இருக்கலாம், சுகந்தி நல்லவளாக இருக்கலாம், பயந்துபோய் வாயை மூடிக்கொள்ளலாம், அப்படி மூடிக்கொண்டால் அந்த மூடிய வாய்க்குப் பயந்து இன்னும் எத்தனை வருஷம்.

திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்து, எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்தாள். கட்டத்தின் பெயரை ஃபார்மிலிருந்து எடுத்தாள், வரிசையிலிருந்து எடுத்தாள், சேமிக்கும் இடத்திலிருந்து எடுத்தாள். மாறனின் பக்கத்தை மறுபடியும் திறந்தபோது கைபேசி எண்ணுக்கு அடியில் வெறும் திரைதான் இருந்தது. தாமோதரனின் குறிப்புக்குக் கீழே பதில் எழுதினாள். இந்தக் கட்டத்துக்கு உண்மையான பெயர் சாதி, இதை நான் எழுதமாட்டேன். அனுப்பிவிட்டு அவர் இருந்த பக்கம் பார்த்தாள். அவர் படிப்பது தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். வந்து அவள் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பரத் காதில் ஹெட்போன் இருந்தது.

"நீங்க எழுதலன்னா வேற யாரையாவது வெச்சு எழுதிக்குவாங்க" என்றார் மெதுவாக.

"எழுதட்டும் சார். அரைமணி நேர வேலைதான்." அவர் எழுந்திருக்கவில்லை. அவள் கேட்டாள், "உங்களுக்கு இது என்னன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என்கிட்ட குடுத்தீங்களா?"

அவர் கைகள் எதையாவது எடுக்கத் தேடின, கைக்கெட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை. "பரத்கிட்ட குடுத்திருந்தா இந்நேரம் முடிச்சு அனுப்பியிருப்பான். எனக்கு மனசு ஒப்பல. நான் சொன்னா முதலாளி, உனக்கென்னய்யா வந்துச்சுன்னு கேப்பார். நீங்க பார்த்தா ஏதாவது சொல்லுவீங்கன்னு..."

"நான் ஏன் சொல்லுவேன்னு நெனச்சீங்க?"

தாமோதரன் கண்ணாடியை மறுபடியும் கழற்றியபோதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தாலும் அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள், இந்தமுறை வேறெதையும் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்க சேர்ந்தப்ப டி.சி. ஜெராக்ஸ் குடுத்தீங்கல்ல" என்றார். "அதுல எழுதியிருந்தத அப்ப ஆபீஸ் பார்த்துக்கிட்டு இருந்தவங்க சொன்னாங்க."

"உங்ககிட்ட மட்டுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சேர்ந்தபோதே. இந்த ஹாலில் அத்தனை பேருக்கும், சேர்ந்த நாளிலிருந்து. அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்காமல் இருந்தது நாகரிகம் என்று நினைத்திருந்தாள். ஊருக்குப் போய் வந்தால் எந்தத் திருவிழா என்று விசாரிக்காதது அக்கறையின்மை என்று நினைத்திருந்தாள். அவள் பேச்சில் ஊர் வாடை வந்துவிடாமல் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் போட்டபோது எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்கள். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். அதில் எது உண்மை, எது தெரிந்ததால் வந்த கூடுதல் இனிப்பு என்று இனி எப்படிப் பிரிப்பது. இவ்வளவு சந்தேகப்பட்டும் இதைச் சந்தேகப்படாமல் விட்டிருக்கிறேன். இவர் நல்லவரா, கோழையா என்று பார்த்தாள். இரண்டும்தான் என்று தோன்றியது, இரண்டாலும் தனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்றும் தோன்றியது. "கேக்க வேண்டிய ஆளு நான்தானா சார்?" என்றாள். "உங்களுக்கு மனசு ஒப்பலன்னா அத நீங்களே சொல்லியிருக்கலாமே." அவர் எழுந்தார். தன் இடத்துக்குப் போய், நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எதையோ தட்டினார். அவளுடைய பதிலுக்குக் கீழே இன்னொரு வரி வந்தது. நானும் இதை ஏற்கவில்லை, தாமோதரன். அந்த வரியின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் அடங்கியபின்னும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாலில் விளக்கு போடும் நேரம். மாறனைக் கூப்பிட்டாள். பின்னால் கடைசல் இயந்திரம் சுற்றும் சத்தம், அவன் அதை விட்டு வெளியே நடந்து வரும் சத்தம், பிறகு ரோடு.

"சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னத்த?"

"நாம யாருன்னு. வீட்டப் பார்த்துக்கிற கம்பெனிக்காரிகிட்ட. கேட்டா, சொல்லிட்டேன்."

ஏன் சொன்னாய் என்று கேட்பான், என்னைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம் என்பான், பட்டறை பக்கம், தண்ணீர் வசதி என்று கணக்குப்போடுவான், அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்தாள். லாரி ஒன்று அவனைக் கடந்து போனது. அவன் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. அது பெருமூச்சா, பாரத்தை இறக்கிவைத்தவன் விடும் மூச்சா என்று அவளால் சொல்ல முடியவில்லை, வழக்கம்போல அதை நோண்டவும் தோன்றவில்லை.

"நிறை."

"ம்."

"உங்க ஆபீஸ்ல அட்டைப்பெட்டி ஏதாவது கெடக்குமா?"

"மானிட்டர் வந்த பெட்டி இருக்கு. ஸ்டோர் ரூம்ல."

"எடுத்து வெச்சுக்க, நான் வண்டியோட வரேன். வர்ற வழியில கயிறும் வாங்கிக்கறேன்" என்றான் மாறன். "அந்தம்மா ஒண்ணும் சொல்லலன்னா துணி போட்டு வெச்சுக்கலாம்."

அவள் எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பெட்டிகள் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூசி படிந்து நின்றன. மேலே இருந்ததை இறக்கி, புத்தகம் வைத்தால் தாங்குமா என்று அடியில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.